லெப்டொப் போர்ட் செயலிழந்தால்: கடலோர ஊர்களுக்கான ஒரு பழுதாய்வு

ஒலுவிலுக்கும் அட்டாளைச்சேனைக்கும் இடையில், கடலை ஒட்டிக் கிடக்கிறது பாலமுனை. கல்முனையிலிருந்து அக்கரைப்பற்று வரை அடுத்தடுத்து அமைந்த இந்த ஊர்களில் லெப்டொப் இன்று படிப்புக்கும் தொழிலுக்கும் அடிப்படைக் கருவி. 1995இல் பல்கலைக்கழகக் கல்லூரியாகத் தொடங்கி 1996இல் முழுப் பல்கலைக்கழகமான தென்கிழக்குப் பல்கலைக்கழகம் பக்கத்து ஊரான ஒலுவிலில்தான் இருக்கிறது. 2020இல் கொரோனா வகுப்புகளைத் திரைக்குள் கொண்டுபோன பிறகு, லெப்டொப் இல்லாமல் ஒரு பட்டப்படிப்பை முடிப்பது நினைத்துப் பார்க்க முடியாததாகிவிட்டது. 2022இல் ஒரு டொலர் ஏறக்குறைய 200 ரூபாயிலிருந்து 360 ரூபாய்வரை ஏறியபோது, புதிய லெப்டொப் வாங்குவது பல குடும்பங்களுக்குக் கைக்கெட்டாமல் போனது. இருப்பதைக் காப்பாற்றிக்கொள்வதுதான் வழி.

இந்த நிலையில் அடிக்கடி கேட்கும் உரையாடல் ஒன்று உண்டு. “நானா, சார்ஜ் ஏறுதில்ல.” “போர்ட் போயித்து தம்பி, மாத்தணும்.” இரண்டே வசனங்களில் ஒரு கருவியின் விதி முடிவாகிவிடுகிறது. சில வேளை அந்தத் தீர்ப்பு சரி. பல வேளைகளில் போர்ட்டில் குறையே இல்லை. கேபிளிலோ மென்பொருளிலோ உள்ளிருக்கும் ஒரு சிறு சிப்பிலோ இருக்கிறது. போர்ட் வேலை செய்யவில்லை என்பது விளைவு மட்டுமே. காரணம் ஐந்து இடங்களில் இருக்கலாம்: வெளியே உள்ள கேபிளும் கருவியும், போர்ட்டின் வாய், மென்பொருள், மின்பாதுகாப்புச் சுற்று, மதர்போர்ட். இந்த ஐந்தையும் செலவு குறைந்ததிலிருந்து கூடியதை நோக்கி வரிசையாகச் சோதித்தால், திருத்தும் செலவும் குறையும், நல்ல பலகையைத் தவறாகச் சுட்டுக் கெடுப்பதும் குறையும். அந்த வரிசையை, நம் கரையோரச் சூழலை மனதில் வைத்து, இக்கட்டுரை தொகுத்துப் பார்க்கிறது.

போர்ட்டின் ஆயுள்

யூ.எஸ்.பி. தரநிலை முதன்முதலில் 1996இல் வெளிவந்தது. அதை உருவாக்கிய இன்டெல் குழுவில் முன்னின்றவர் இந்தியாவில் பிறந்த பொறியியலாளர் அஜய் பட். அகலமான பழைய வாய் டைப்-ஏ. இருபுறமும் திருப்பிச் செருகக்கூடிய டைப்-சி 2014இல் வந்தது.

தரநிலையின்படி சாதாரண டைப்-ஏ 1,500 தடவை செருகி எடுப்பதைத் தாங்க வேண்டும். டைப்-சி 10,000 தடவை. நாளுக்கு இரண்டு தடவை பென் டிரைவ் செருகுபவர் ஏறக்குறைய இரண்டே ஆண்டுகளில் 1,500ஐ எட்டிவிடுவார். எனவே நாலைந்து வருடம் பழகிய லெப்டொப்பில் டைப்-ஏ வாய் தளர்ந்திருந்தால் அதில் வியப்பில்லை. டைப்-சியின் சிக்கல் வேறு. அந்தச் சின்ன வாய்க்குள் 24 தொடுமுனைகள் இருக்கின்றன. ஒன்றுக்கொன்று அரை மில்லிமீற்றர் இடைவெளி. பொதுவாக 20 வோல்ட்வரை மின்சாரம் செல்லும் முனைக்குப் பக்கத்திலேயே, சார்ஜரும் லெப்டொப்பும் பேசிக்கொள்ளும் மெல்லிய சமிக்ஞை முனை இருக்கிறது. ஒரு நூல் தூசியோ ஒரு துளி உப்பு நீரோ இரண்டையும் இணைத்துவிட்டால், அந்தப் பேச்சைக் கவனிக்கும் சிப் கருகிப்போகலாம். டைப்-சி பழுதுகளில் பாதிக் கதை இந்த அரை மில்லிமீற்றருக்குள்தான் இருக்கிறது.

முதலாவது: கேபிளும் கருவியும்

லெப்டொப்பைத் தொடுமுன் கேபிளை மாற்றிப் பார்க்க வேண்டும். கேபிளை மாற்றாமல் போர்ட்டைக் குறைசொல்லும் எந்த முடிவும் அரைகுறை.

டைப்-சி கேபிள்கள் பார்வைக்கு ஒன்றுபோல் இருந்தாலும் உள்ளே வேறுபடுகின்றன. சில கேபிள்கள் சார்ஜ் மட்டும் ஏற்றும். தரவுக் கம்பியே இருக்காது. இருமுனையும் டைப்-சியாக உள்ள முறையான கேபிள் 3 அம்பியர்வரை, அதாவது 60 வொட்வரை தாங்கும். அதற்கு மேல் செல்ல, கேபிளின் தலைக்குள் தன் திறனை அறிவிக்கும் சிப் ஒன்று வேண்டும். 90 வொட் கேட்கும் லெப்டொப்புக்கு அந்தச் சிப் இல்லாத கேபிளைக் கொடுத்தால் மெதுவாகச் சார்ஜ் ஏறும், அல்லது வேலை செய்துகொண்டிருக்கும்போதே பற்றரி இறங்கும். போனுடன் வந்த சிறு சார்ஜரைச் செருகினாலும் இதே கதைதான். வளைகுடாவிலிருந்து வந்த பெட்டியில் கிடந்த எந்தக் கேபிளையும் எதற்கும் செருகும் பழக்கம் நம் வீடுகளில் இருப்பதால் இதை அழுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது.

மோசமான கேபிள் கருவியையே கொல்லும் என்பதற்கு நன்கு பதிவான சான்று உண்டு. கூகுளின் பொறியியலாளர் பென்சன் லியூங் சந்தையில் விற்கும் டைப்-சி கேபிள்களை ஒவ்வொன்றாகச் சோதித்து எழுதிவந்தார். 2016 பெப்ரவரியில் அவர் சோதித்த ஒரு மலிவுக் கேபிளில் மின்கம்பியும் நிலக்கம்பியும் இடம் மாறி ஈயம் வைக்கப்பட்டிருந்தன. செருகிய கணத்தில் அவருடைய குரோம்புக் பிக்சல் லெப்டொப்பின் போர்ட்களும், சோதனைக் கருவிகளும் பழுதாயின. நடைபாதைக் கடையில் மிச்சம் பிடிக்கும் சில நூறு ரூபாய் எவ்வளவு பெரிய இழப்பாக மாறும் என்பதை அந்தச் சம்பவம் காட்டுகிறது.

கருவியையும் மாற்றிப் பார்க்க வேண்டும். அதே பென் டிரைவ் இன்னொரு லெப்டொப்பில் வேலை செய்கிறதா? இந்தப் போர்ட்டில் மின்சாரம் குறைவாகத் தேவைப்படும் மவுஸ் வேலை செய்து, வெளி ஹார்ட் டிஸ்க் மட்டும் வராமல் போகிறதா? யூ.எஸ்.பி. 2.0 போர்ட் தரவேண்டியது 500 மில்லி அம்பியர், 3.0 போர்ட் 900 மில்லி அம்பியர். மவுஸ் வந்து டிஸ்க் வராவிட்டால், சந்தேகம் தரவுக் கம்பியைவிட மின்வழங்கலின் பக்கம் சாய வேண்டும். வயர்லெஸ் மவுஸ் விட்டுவிட்டு வேலை செய்தால் போர்ட் நல்லதாகவே இருக்கலாம்: யூ.எஸ்.பி. 3.0 இணைப்புகள் எழுப்பும் இரைச்சல் 2.4 கிகாஹேர்ட்ஸ் அலைகளைக் குழப்பும் என்பதை இன்டெல் 2012இலேயே ஆவணப்படுத்தியிருக்கிறது. மவுஸின் டொங்கிளை மறுபக்கப் போர்ட்டுக்கு மாற்றினால் பெரும்பாலும் சரியாகிவிடும்.

இரண்டாவது: போர்ட்டின் வாய்

நம் கரையில் இதுவே மிக முக்கியமான இடம். கடற்காற்று உப்பைச் சுமந்து வருகிறது. சாதாரண உப்பு, காற்றின் ஈரப்பதம் 75 சதவீதத்தைத் தாண்டும்போது ஈரத்தை இழுத்துத் தானே கரைசலாகிவிடும். கடலுப்பிலுள்ள மக்னீசியம் குளோரைட்டு இன்னும் குறைந்த ஈரப்பதத்திலேயே அதைச் செய்யும். பாலமுனையில் இரவு ஈரப்பதம் 75ஐத் தாண்டுவது வழமை. ஆக, யன்னலோர மேசையில் திறந்து கிடக்கும் போர்ட்டுக்குள் இரவில் உப்புக் கரைசல் படிகிறது, பகலில் காய்கிறது, மறுநாளும் அதுவே.

தொடுமுனைகளின் மேலே தங்கப்பூச்சு உண்டு. ஆனால் அது ஒரு மைக்ரோனுக்கும் குறைந்த தடிப்பு. செருகி எடுத்துத் தேய்ந்த இடத்தில் அடியிலுள்ள நிக்கலும் செம்பும் வெளித்தெரியும். உப்புக் கரைசல் அங்கே பிடித்துக்கொள்ளும். போர்ட்டில் மின்னழுத்தம் இருக்கும்போது அரிப்பு இன்னும் வேகமாக நடக்கும். இரவு முழுக்கச் சார்ஜரைச் செருகி விட்டிருக்கும் டைப்-சி போர்ட்டில், 20 வோல்ட் முனைகளைச் சுற்றி முதலில் கறுப்பு படிவதற்குக் காரணம் இதுவே.

பார்ப்பதற்குப் போன் டோர்ச்சும் ஒரு உருப்பெருக்கிக் கண்ணாடியும் போதும். நல்ல டைப்-சி வாயில் நடுநாக்கு நேராக நிற்கும். அதன் இருபுறமும் முனைகள் ஒரே மஞ்சள் நிறத்தில் மின்னும். பழுதான வாயில் மூன்று விதம் காணலாம். அடியில் சாம்பல் நிறப் பஞ்சு அமுங்கிக் கிடந்தால், கேபிள் முழுதாக உள்ளே போகாமல் வெளியே ஒரு மெல்லிய இடைவெளி தெரியும். பைக்குள் போட்டுக் கொண்டுபோகும் மாணவர்களின் லெப்டொப்பில் இது அதிகம். முனைகளில் பச்சையோ கறுப்போ தெரிந்தால் அது அரிப்பு. நாக்கு சரிந்தோ வெடித்தோ இருந்தால் உடைவு. அதற்குச் சுத்தம் செய்வது மருந்தாகாது.

பஞ்சையும் மெல்லிய அரிப்பையும் வீட்டிலேயே அகற்றலாம். லெப்டொப்பை முற்றாக நிறுத்தி, சார்ஜரைக் கழற்றி, கழற்றக்கூடிய பற்றரியானால் அதையும் எடுத்துவிட வேண்டும். மரப் பற்குச்சியால் பஞ்சை மெல்லக் கிளறி எடுக்கலாம். ஊசியும் குண்டூசியும் வேண்டாம். அரை மில்லிமீற்றர் இடைவெளியில் உலோகம் நுழைவது புதிய பழுதை வரவழைப்பதாகும். 99 சதவீத ஐசோபுரொப்பைல் அல்கஹோலில் நனைத்த மெல்லிய தூரிகையால் முனைகளைத் துடைத்து, நன்றாகக் காயவிட்டே மின்சாரம் கொடுக்க வேண்டும். பாமசியில் வாங்கும் சத்திரசிகிச்சை ஸ்பிரிட்டில் தண்ணீரும், சிலவற்றில் எண்ணெயும் கலந்திருப்பதால் அது இதற்கு ஏற்றதன்று. வாயால் ஊதுவதும் எச்சில் ஈரத்தை உள்ளே அனுப்பும்.

டைப்-சிக்கு ஓர் எளிய சோதனை: கேபிள் தலையைத் திருப்பிச் செருகுங்கள். ஒரு பக்கமாகச் செருகினால் மட்டும் வேலை செய்தால், ஒரு வரிசை முனைகளில் அழுக்கோ உடைவோ இருக்கிறது. மென்பொருளில் தேட வேண்டியதில்லை. டைப்-ஏயிலும் இப்படி ஒன்று உண்டு. நீல நிற 3.0 வாயில் ஒன்பது முனைகள். வேகப் பரிமாற்றத்துக்கான ஐந்தில் ஒன்று கெட்டால் பென் டிரைவ் வரும், ஆனால் பழைய 2.0 வேகத்தில் ஊர்ந்து நகரும். போர்ட் மெதுவாகிவிட்டது என்று வரும் முறைப்பாட்டின் பொருள் பெரும்பாலும் இதுதான்.

மூன்றாவது: மென்பொருள்

கேபிளும் வாயும் சரியென்றால் அடுத்தது மென்பொருள். இங்கே வரலாறு நமக்குப் பல பாடங்களைத் தருகிறது.

2018 பெப்ரவரியில் மைக்ரோசொப்ட் வெளியிட்ட ஒரு விண்டோஸ் 10 புதுப்பிப்புக்குப் பிறகு, பல கணினிகளில் யூ.எஸ்.பி. கருவிகளும் உள்ளமைந்த கெமராக்களும் நின்றுபோயின. மார்ச்சில் திருத்தம் வந்தது. 2025 ஒக்டோபரில் விண்டோஸ் 11 புதுப்பிப்பு ஒன்று, மீட்புத் திரைக்குள் மட்டும் யூ.எஸ்.பி. கீபோர்ட்டையும் மவுஸையும் முடக்கியது. சாதாரண விண்டோஸில் அதே கீபோர்ட் நன்றாக வேலை செய்தது. சில நாட்களில் அதற்கும் திருத்தம் வந்தது. இரண்டு தடவையும் போர்ட்டை மாற்றியிருந்தால் பணம் வீண்.

இவற்றைவிட ஆழமான சம்பவம் லெனோவோ திங்பேட் லெப்டொப்களில் நடந்தது. 2017 முதல் 2019 வரை வெளிவந்த பல மாதிரிகளில் டைப்-சி போர்ட் வழியே சார்ஜ் ஏறாமல் போவதும், வெளித்திரைக்குப் படம் போகாமல் நிற்பதும் தொடர்ந்தன. காரணம் இன்டெல்லின் தண்டர்போல்ட் கட்டுப்படுத்திக்குள் இருக்கும் உள்மென்பொருள். லெனோவோ 2020இல் அவசர உள்மென்பொருள் புதுப்பிப்பை வெளியிட்டு, எல்லோரையும் உடனே நிறுவச் சொன்னது. பழுதாகுமுன் நிறுவியவர்கள் தப்பினார்கள். பழுதான பின் பலருக்கு மதர்போர்ட் மாற்ற வேண்டிவந்தது. அந்த வருடங்களின் திங்பேட்கள் செகண்ட்ஹாண்டாக இன்றும் கைமாறிக்கொண்டிருக்கின்றன. வாங்குபவர் முதலில் செய்யவேண்டியது அந்தப் புதுப்பிப்பு நிறுவப்பட்டிருக்கிறதா என்று பார்ப்பது.

மென்பொருளைச் சோதிக்கும் முறை எளிது. முதலில் மின்சாரத்தை முற்றாக வடியவிடுதல்: நிறுத்தி, சார்ஜரைக் கழற்றி, பவர் பொத்தானை அரை நிமிடம் அழுத்திப் பிடித்து, பிறகு இயக்குதல். உட்கட்டுப்படுத்திகள் சிக்கிக்கொண்டிருந்தால் இதிலேயே பல விடுபடும். அடுத்து டிவைஸ் மனேஜரில் யூ.எஸ்.பி. கட்டுப்படுத்திகளை அகற்றி மறுபடி இயக்குதல். பவர் அமைப்பில் யூ.எஸ்.பி. உறங்கவிடும் தெரிவை அணைத்தல். பயோஸில் போர்ட் முடக்கப்பட்டிருக்கிறதா என்று பார்த்தல். நிறுவனங்களிலிருந்து கழிக்கப்பட்டு வரும் லெப்டொப்களில் வேண்டுமென்றே முடக்கி வைத்திருப்பார்கள். அப்பிள் சிப் கொண்ட மக்புக்கில், 2022இன் வென்சுரா இயங்குதளம் முதல், புதிய யூ.எஸ்.பி. கருவிக்கு அனுமதி கேட்கும் பெட்டி வரும். அதை மறுத்துவிட்டு மறந்தவர்களும் உண்டு.

இறுதித் தீர்ப்பைத் தருவது லினக்ஸ். நல்ல போர்ட்டில் உபுண்டு பென் டிரைவைச் செருகி, நிறுவாமலேயே இயக்கி, சந்தேகத்துக்குரிய போர்ட்டில் கருவியைச் செருகிப் பாருங்கள். லினக்ஸில் வேலை செய்தால் வன்பொருள் நல்லது. விண்டோஸைத் திருத்தினால் போதும். லினக்ஸிலும் வராவிட்டால் மட்டுமே பெட்டியைத் திறக்கலாம். பணமே செலவாகாத சோதனை இது.

நான்காவது: மின்பாதுகாப்பு

விட்டுவிட்டு வரும் மின்சாரமும் இடியும் நம் போர்ட்களின் பழைய எதிரிகள். 2022 மார்ச் கடைசியில் நாடு முழுவதும் நாளுக்கு 13 மணிநேரம்வரை மின்வெட்டு நீண்டது. கரண்ட் திரும்பி வரும் கணத்தில் ஏற்படும் எழுச்சி சார்ஜரைத் தாக்கி, சில வேளை அதைத் தாண்டிச் செல்லும். இரு பருவமழைகளுக்கும் இடைப்பட்ட மார்ச்-ஏப்ரலும் ஒக்டோபர்-நவம்பரும் இலங்கையில் இடி அதிகமான காலம். இடி சார்ஜர் வழியே மட்டும் வருவதில்லை. தொலைபேசிக் கம்பியில் வரும் இணையம் ரவுட்டரையும் லான் போர்ட்டையும் ஒன்றாகக் கொண்டுபோகும். டிஷ் அன்ரனா இணைந்த டிவியில் செருகிய எச்.டி.எம்.ஐ. கேபிள் லெப்டொப்பின் எச்.டி.எம்.ஐ. போர்ட்டைக் கொண்டுபோகும். முகில் திரளும்போது பிளக்கைக் கழற்றுபவர் லான் கேபிளையும் எச்.டி.எம்.ஐ. கேபிளையும் கழற்ற வேண்டும்.

பழைய வீடுகளின் உருண்டை முள் சொக்கட்டுகளில் நிலக்கம்பி சரியாக இல்லாவிட்டால், லெப்டொப்பின் உலோக உடலைத் தொடும்போது மெல்லிய கூச்சம் தெரியும். அந்த நிலையில் டிவிக்கு எச்.டி.எம்.ஐ. செருகுவது ஆபத்து. இரண்டையும் மின்சாரமின்றி இணைத்துவிட்டுப் பிறகு இயக்குவது பாதுகாப்பு.

இந்த இடத்தில் வரும் நல்ல செய்தியும் உண்டு. யூ.எஸ்.பி. போர்ட்டில் குறுக்குச்சுற்று ஏற்பட்டால் பல லெப்டொப்களில் பாதுகாப்புச் சுற்று அந்தப் போர்ட்டை, சில மாதிரிகளில் பக்கத்துப் போர்ட்டையும் சேர்த்து, அணைத்துவிடும். இரண்டு போர்ட்கள் ஒரே நேரத்தில் நின்றால் இரண்டும் உடைந்தன என்று எண்ணத் தேவையில்லை. பொதுவான மின்வழங்கல் அணைந்திருக்கலாம். குறுக்குச்சுற்றை நீக்கி, மேலே சொன்னபடி மின்சாரத்தை வடியவிட்டால் திரும்பி வரக்கூடும்.

ஐந்தாவது: மதர்போர்ட்

இதுவரை சொன்ன எதிலும் பிடிபடாதது மட்டுமே இங்கே வர வேண்டும். இது பயிற்சி பெற்றவரின் வேலை. ஆனால் உரிமையாளர் சோதனையைப் புரிந்துகொண்டால் ஏமாறமாட்டார்.

டைப்-ஏ போர்ட்டில் லெப்டொப் இயங்கும்போது மல்டிமீட்டர் 5 வோல்ட் காட்ட வேண்டும். வெறுமையான டைப்-சி போர்ட்டில் 0 வோல்ட் வருவது இயல்பு, ஏனெனில் எதிர்முனையில் கருவி இருப்பதை அறிந்த பின்பே அது மின்சாரம் விடும். இதை அறியாமல் “கரண்டே வருதில்ல” என்று போர்ட்டைக் கழற்றியவர்கள் உண்டு. டைப்-சியைச் சோதிக்கக் கேபிளுக்கும் சார்ஜருக்கும் நடுவே பொருத்தும் சிறு மீட்டர் வேண்டும். அதில் 5 வோல்ட்டிலேயே நின்றால் சார்ஜரும் லெப்டொப்பும் பேசிக்கொள்ளவில்லை: சமிக்ஞை முனையோ அதைக் கவனிக்கும் சிப்போ சந்தேகத்துக்குரியது. 20 வோல்ட்டுக்கு ஏறியும் அம்பியர் பூச்சியமானால் வாய் நல்லது, குறை உள்ளே. 20 வோல்ட் வந்து அம்பியர் ஏறி இறங்கினால் ஈயம் விட்ட முனையையும் தேட வேண்டும்.

தரவுக் கம்பிகளுக்கு டயோட் சோதனை. பற்றரியைக் கழற்றி, மீட்டரின் சிவப்பு முனையை நிலத்தில் வைத்து, கறுப்பு முனையால் இரண்டு தரவு முனைகளையும் தொட வேண்டும். இரண்டும் ஏறக்குறைய ஒரே அளவைக் காட்டி, பக்கத்து நல்ல போர்ட்டின் அளவோடும் ஒத்துப்போக வேண்டும். ஒன்றில் பூச்சியம் வந்தால் பாதுகாப்பு டயோட்டோ சிப்போ குறுக்குச்சுற்றாகியிருக்கிறது. அளவே வராவிட்டால் ஈயம் விட்டிருக்கிறது. இரண்டாவது வகைக்கு மறுபடி ஈயம் வைத்தாலே போதும். புதிய போர்ட்கூட வேண்டியதில்லை.

திருத்துவதா, சுற்றிப் போவதா?

பல லெப்டொப்களில் ஒரு பக்கத்துப் போர்ட்கள் தனிச் சிறு பலகையில் இருக்கும். அது கெட்டால் அந்தப் பலகையை மட்டும் மாற்றலாம். ஈயமே தொட வேண்டாம். போர்ட் மதர்போர்ட்டில் நேரடியாக இருந்தால் சூடான காற்றில் கழற்றிப் புதியது வைக்க வேண்டும். பல படைகள் கொண்ட பலகையில் அது கைத்திறன் கேட்கும் வேலை. சூடு பிழைத்தால் தகடுகள் உரிந்து வரும். ஒரு டைப்-ஏ மட்டும் போயிருந்தால், நல்ல போர்ட்டில் ஹப் ஒன்றைச் செருகிச் சுற்றிப் போவது முற்றிலும் நியாயமான முடிவு. சார்ஜ் ஏறும் ஒரே போர்ட் போனால் அந்த வழி இல்லை. அப்போது பற்றரி தீருமுன் கோப்புகளைப் பிரதியெடுப்பது முதல் கடமை. மீதி எல்லாம் அதற்குப் பின்.

கடைக்குக் கொடுக்கும்போது மூன்று கேள்விகள் கேட்க வேண்டும். எந்தச் சோதனையில் என்ன அளவு வந்தது? மாற்றுவது போர்ட்டையா, சிப்பையா, பலகையையா? கழற்றிய பழைய பாகம் திரும்பக் கிடைக்குமா? திறமையான தொழிலாளி இந்தக் கேள்விகளை விரும்புவார். தன் வேலையின் மதிப்பு தெரிந்த வாடிக்கையாளர் அவருக்கும் தேவை.

தயாரிப்பாளர்களின் பொறுப்பையும் சொல்லாமல் விட முடியாது. 2021இல் சந்தைக்கு வந்த பிரேம்வேர்க் லெப்டொப்பில், வெளிப்போர்ட்கள் விரலால் கழற்றி மாற்றும் சிறு அட்டைகளாக இருக்கின்றன. தேய்வது அட்டை, உள்ளே இருக்கும் இணைப்பு காப்பாற்றப்படுகிறது. இது செய்ய முடிந்த காரியம் என்பதற்கு அதுவே ஆதாரம். ஐரோப்பிய ஒன்றியம் டைப்-சி சார்ஜிங்கைப் போன்களுக்கு 2024 டிசம்பர் 28 முதலும் லெப்டொப்களுக்கு 2026 ஏப்ரல் 28 முதலும் கட்டாயமாக்கியது. சார்ஜர் எல்லோருக்கும் பொதுவாவது நல்லது. ஆனால் சார்ஜும் தரவும் திரையும் ஒரே வாய் வழியே போகும்போது, அந்த ஒரு வாய் கெட்டால் எல்லாமே நின்றுவிடும். அதை மதர்போர்ட்டிலிருந்து பிரித்து வைக்கவேண்டிய கடமை அதனால் கூடுகிறது. இரண்டு டைப்-சி போர்ட் உள்ள மாதிரியைத் தேர்ந்தெடுப்பது வாங்குபவர் இன்றே செய்யக்கூடியது.

முடிவாக

கேபிள், வாய், மென்பொருள், மின்பாதுகாப்பு, மதர்போர்ட்: இந்த வரிசையில் முதல் மூன்றுக்கும் பெட்டியைத் திறக்கத் தேவையில்லை. ஒரு நல்ல கேபிள், ஒரு டோர்ச், ஒரு லினக்ஸ் பென் டிரைவ் இருந்தால் ஒரு மாலைப் பொழுதில் முடித்துவிடலாம். இந்த மூன்றும் சிறு டைப்-சி மீட்டர் ஒன்றும் ஒவ்வொரு பாடசாலைக் கணினி அறையிலும் பொது நூலகத்திலும் இருந்து, அவற்றைப் பயன்படுத்தத் தெரிந்த ஒரு மாணவர் குழுவும் இருந்தால், கடைப்படி ஏறுமுன்பே பாதிப் பிரச்சினைகள் தீரும். மீதி சரியான பெயரோடு கடைக்குப் போகும். அதற்கான அறிவு ஒலுவில் வளாகத்தில் இருக்கிறது, கைத்திறன் கல்முனை, அக்கரைப்பற்றுக் கடைகளில் இருக்கிறது. இரண்டையும் ஒரு மேசையில் உட்கார வைப்பது பாலமுனை போன்ற ஊர்களின் சங்கங்களால் ஆகக்கூடிய காரியம். கடன்பட்டு வாங்கிய லெப்டொப்பை நம்பி இறுதி ஆண்டுக்குள் நுழையும் பிள்ளைகளுக்காக அதைச் செய்தே ஆக வேண்டும்.